பதினாலாம் நம்பர் ஆணி

நாளைக்கு அந்தச் சுரங்க ரயில் ஓடத் தொடங்கும்போது பாருங்கள், கத்தரிக்கோலும் கையுமாக நிற்பவர்களின் படம் வரும். தொப்பி போட்ட பொறியாளர்கள் வரிசையாக நின்று பல்லைக் காட்டும் படம் வரும். மண்ணைத் தின்றுகொண்டே போகிற அந்த ராட்சத மிஷினின் படம்கூடப் பெரிதாக வரும். குச்சியக்காவின் படம் வராது. வராவிட்டால் போகிறது, அதனால் அவளுக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது.

பெயரைக் கேட்டுவிட்டு ஒல்லியான ஆளைத் தேடாதீர்கள். நல்ல தாட்டியான உடம்பு, குள்ளம், நாற்பத்தாறு வயது. கையில் எந்நேரமும் தன்னைப்போல் இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் வந்த பெயர் அது. வேலையும் அதுதான், பிடித்துக்கொண்டு நிற்பது. சுரங்கம் தோண்டுகிற தெருக்களில் மேலே இருக்கிற ஒவ்வொரு கட்டடத்தின் சுவரிலும் ஒரு பித்தளை ஆணி அடித்து நம்பர் போட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் ஒவ்வோர் ஆணியின் மேலும் அவள் கோலை நிறுத்த வேண்டும். தூரத்தில் முக்காலியின் மேல் இருக்கிற கருவி வழியாக ஒருவர் கோலின் கோடுகளைப் படிப்பார். நேற்றைய அளவுக்கும் இன்றைய அளவுக்கும் வித்தியாசம் வந்தால் கட்டடம் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். கோல் ஒரு பக்கம் சாய்ந்தால் அளவு பொய்யாகிவிடும். அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு நேராக நிற்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம்.

அவளுக்கு அது சின்ன வயதிலேயே வந்துவிட்டது. பத்து வயதில் பள்ளிக்கூடத்தில், பக்கத்தில் உட்கார்ந்தவள் செய்த காரியத்துக்கு இவள் மேல் பழி விழுந்தது. "மன்னிப்புக் கேக்கிற வரைக்கும் பெஞ்சு மேல நில்லு" என்றார் டீச்சர். நின்றாள். மத்தியானம் போனது, மணி அடித்தது, பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போனார்கள், பெருக்குகிற அம்மா வந்து பெஞ்சுகளை நகர்த்த ஆரம்பித்தாள். அப்போதும் நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் டீச்சரே, "இறங்கித் தொலைடி, எனக்கும் வீடு வாசல் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். லேட்டாக வந்ததற்கு வீட்டில் அப்பா கையால் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆனால் செய்யாத தப்புக்கு அவள் வாயிலிருந்து மன்னிப்பு வரவில்லை.

கல்யாணமான பிறகு ஒரு சாலை வேலையில் ஜல்லி சுமக்கப் போனாள். ஒருநாள் கோல் பிடிக்கிற ஆள் வரவில்லை. "ஏம்மா, இதைக் கொஞ்சம் பிடி" என்று அளக்கிறவர் கொடுத்துவிட்டு, நடுவில் வந்த போனில் யாருடனோ சண்டை போடப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் இவள் அதே இடத்தில், கோல் நேராக நிற்பதைக் காட்டுகிற ரசமட்டத்துக் குமிழ் நடுவட்டத்தை விட்டு நகராமல் நிற்கிறாள். மனிதர் அசந்துபோனார். அதற்கப்புறம் அவள் ஜல்லிக் கூடையைத் தொடவே இல்லை.

அந்த அளக்கிறவரைத்தான் எல்லோரும் ஒற்றைக்கண்ணர் என்பார்கள். இரண்டு கண்ணும் அவருக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. கருவியில் ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்துப் பார்த்து, டீ குடிக்கும்போதுகூட ஒரு கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. வாயில்லாப் பூச்சி. ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். ஆனால் வேலை நேரத்தில் நடுவே ஐம்பதடி, நூறடி தூரமும் போகிற வருகிற வண்டிகளும்தான். அதனால் பேச்சு எல்லாம் கையில். இடக்கையை நீட்டினால் கோலை இடப்பக்கம் சாய்க்க வேண்டும், வலக்கை என்றால் வலப்பக்கம். அளவை எடுத்தாகிவிட்டது, அடுத்த ஆணிக்குப் போகலாம் என்றால் தலையில் கை வைப்பார். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை தலையில் கை வைத்து நிற்கிற மனிதரைப் பார்த்துவிட்டு, "பாவம், யாருக்கு என்ன ஆச்சோ" என்று உச்சுக்கொட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு.

இப்போது அவர்கள் அளக்கிற தெருவைச் சொல்லிவிடுகிறேன். தெரு முனையில் பழைய நூலகம். அதன் கருங்கல் படியில்தான் முதல் ஆணி. மற்ற ஆணிகளின் உயரத்தையெல்லாம் அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள் என்பதால் அதற்குத் தாய் ஆணி என்று பெயர். நூலகத்தை ஒட்டி, சாலையைக் கடக்கிற நடைமேம்பாலம். அதன் தூணில் பதினாலாம் நம்பர் ஆணி. அதற்கு அந்தப் பக்கம் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று. பதினொரு குடும்பம். சாயம் போன சுவர், மாடிக்கு மாடி காய்கிற துணி, எப்போதும் சொட்டுகிற ஒரு குழாய். அந்தக் கட்டடத்துக்கு நேர் கீழேதான் சுரங்கம் போகப்போகிறது. நூலகத்துக்குப் பின்னால் புது நிலையத்துக்காகப் பெரிய பள்ளம் தோண்டியிருந்தார்கள். அதில் ஊறுகிற தண்ணீரை மோட்டார்கள் ராப்பகலாக இறைத்துக்கொண்டிருந்தன.

கட்டடத்தின் தரைத்தளத்தில் தையல்காரம்மா குடியிருந்தாள். முன்னறையில் இரண்டு தையல் மிஷின், பின்னறையில் சுவரோரக் கட்டிலில் அவள் புருஷன். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த மனிதர். தெருவில் வேலை பார்க்கிற பொம்பளைக்கு ஒரு கக்கூஸ் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆம்பளைகளுக்குச் சொன்னால் புரியாது. முதல் வாரமே தையல்காரம்மா, "ஏன் ரோட்ல நின்னு தவிக்கிறே, இங்க வந்து போ" என்று கதவைத் திறந்துவிட்டாள். அதிலிருந்து தினமும் மத்தியானம் குச்சியக்கா அந்த வீட்டுக்குள் போவாள். பின்னறையைத் தாண்டும்போது, "என்னண்ணே, சாப்டீங்களா" என்று கேட்பாள். அவர் நல்ல கையைத் தூக்குவார். வெளியே வரும்போது தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமலே கேட்பாள்.

"நம்ம கட்டடம் எப்படி இருக்கு?"

"ஒரு மயிரிழை அசையலக்கா. நிம்மதியா தைங்க."

அளவு விவரத்தை வெளியாட்களிடம் சொல்லக் கூடாது என்று விதி இருந்தது. அந்த விதியை எழுதினவன் தெருவில் நின்று தவித்தவன் இல்லை. அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். சொன்னதெல்லாம் கருவி காட்டிய உண்மை என்று நம்பித்தான் சொன்னாள்.

சிக்கல் பதினாலாம் நம்பரில் ஆரம்பித்தது. மற்ற ஆணிகளெல்லாம் சமர்த்தாக அப்படியே இருக்க, மேம்பாலத்து ஆணி மட்டும் ஏற ஆரம்பித்தது. முதலில் நாலு மில்லி, அடுத்த வாரம் ஏழு, அப்புறம் பதினொன்று. ஒற்றைக்கண்ணர் மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டுச் சைட் மேனேஜரிடம் போய்ச் சொன்னார்.

மேனேஜர் சிரித்தார். "கட்டடம் இறங்கும், கேள்விப்பட்டிருக்கேன். பாலம் எப்படிய்யா ஏறும்? அது என்ன பலூனா? ஆணிய எவனாவது தட்டியிருப்பான். பழுதுன்னு எழுதி லிஸ்ட்லேர்ந்து தூக்குங்க." தூக்கிவிட்டார்கள். மறுநாளிலிருந்து பதினாலாம் நம்பரில் கோல் வைக்க வேண்டாம் என்றார் ஒற்றைக்கண்ணர். இவளும் சரி என்று பதிமூன்றிலிருந்து நேரே பதினைந்துக்குப் போனாள். இப்படி ஆறு வாரம் போயிற்று.

அந்தத் தூணுக்கு அடியில் நாற்காலி உயரத்துக்கு ஒரு கான்கிரீட் கட்டு உண்டு. மத்தியானம் அதில் உட்கார்ந்துதான் அவள் டப்பாவைத் திறப்பாள். குள்ளமான ஆளுக்கு உலகத்தில் எந்த நாற்காலியும் உயரம்தான். ஆனால் இந்தக் கட்டு மட்டும் அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி, உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் பதியும். ஒரு திங்கட்கிழமை சாப்பிட உட்கார்ந்தவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. குனிந்து பார்த்தாள். முன்பாதம்தான் தரையில் இருந்தது. குதிகால் அந்தரத்தில் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள், போட்டுக்கொண்டும் பார்த்தாள். எட்டவில்லை.

சாயங்காலம் வீட்டில் சொன்னபோது, பஸ் கண்டக்டரான புருஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "இருக்கிறதே சாண் உயரம். அதுலயும் தேய ஆரம்பிச்சுட்டியா?"

"சிரிக்காதீங்க. போன வாரம் வரைக்கும் எட்டிச்சு."

மகள் கல்லூரியில் படிப்பவள், விவரமானவள். "வாம்மா, அளந்துருவோம்" என்று கதவு நிலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மகளின் உயரத்தை வருஷா வருஷம் கோடு போட்டுவைத்த நிலை அது. மகள் அம்மாவைத் தாண்டிய அன்றைக்குக் கிண்டலாக, 'அம்மா இவ்வளவுதான்' என்று ஒரு கோடு போட்டிருந்தாள். அதில் போய் நின்றாள். தலை கோட்டைச் சரியாகத் தொட்டது.

"நீ அப்படியேதான் இருக்கே" என்றாள் மகள்.

"நான் அப்படியேதான் இருக்கேன்" என்று குச்சியக்கா திருப்பிச் சொன்னாள். புருஷன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் தேயவில்லை என்றால் எது மாறியது என்ற கேள்வி அவள் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்த் தூணுக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கான்கிரீட் கட்டின் மேல் பாகம் புகையும் தூசியும் படிந்து கறுத்துப் போயிருந்தது. தரையை ஒட்டி மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, நேற்றுப் போட்டது போல் வெள்ளையாக, சுற்றிலும். இத்தனை நாள் நடைபாதைக்கு உள்ளே மறைந்திருந்த பாகம். பாலம் ஏறவே இல்லை. தரை இறங்கியிருக்கிறது. தரையோடு நூலகமும் இறங்கியிருக்கிறது, மூன்று மாடிக் கட்டடமும் இறங்கியிருக்கிறது. பாறை வரைக்கும் அஸ்திவாரம் போன அந்தப் பாலம் மட்டும்தான் இருந்த இடத்தில் இருக்கிறது.

லிஃப்டில் இறங்குகிற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் அசைந்த மாதிரியே தெரியாது. வெளியே மாடியில் நிற்கிறவன்தான் மேலே போவது போலத் தெரிவான். தாய் ஆணியும் கட்டடத்து ஆணிகளும் ஒரே லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தன. வெளியே நின்ற ஒரே ஓர் ஆணியைப் பழுது என்று சொல்லித் தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

அவள் தையல்காரம்மா வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். 'ஒரு மயிரிழை அசையலக்கா' என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்.

ஒற்றைக்கண்ணர் வந்ததும் வராததுமாகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவர் இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தார். குனிந்து அந்த வெள்ளைப் பட்டையை விரலால் தேய்த்தார்.

"பள்ளத்துத் தண்ணிய இறைக்க இறைக்க மண்ணு அமுங்குது" என்றார் கடைசியில். "தாய் ஆணியே இறங்கியிருந்தா, நாம எழுதினது அத்தனையும் தப்பும்மா."

"தாய் ஆணிய யாரும் சரிபார்க்க மாட்டாங்களா சார்?"

"பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ஆத்துப் பாலத்துக் கல்லுலேர்ந்து அளந்து பார்க்கணும். அது பாறை மேல நிக்குது. ஒன்றரை கிலோமீட்டர். ரோட்ட மறிச்சுத் தகரம் அடிச்சதிலேர்ந்து போக வழியில்ல. ரெண்டு மாசமா பார்க்கல." அவர் தரையைப் பார்த்தார். "பார்த்ததா எழுதச் சொன்னாங்க. எழுதினேன்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒன்பது வருஷம் கையசைவிலேயே பேசிய மனிதர், இதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஆனால் திட்டுவதற்கு நேரமில்லை. சுரங்கம் தோண்டுகிற மிஷினைக் கீழே வேலை செய்கிறவர்கள் பெருச்சாளி என்றுதான் சொல்வார்கள். வியாழக்கிழமை காலையில் அந்தப் பெருச்சாளி மூன்று மாடிக் கட்டடத்துக்கு அடியில் நுழைகிறது. ஏற்கெனவே அமுங்கிய மண், அதன் மேல் பழைய கட்டடம், அடியில் பெருச்சாளி. பதினொரு குடும்பமும் ஒன்றும் தெரியாமல் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டு பேருமாக மேனேஜரின் தகரக் கொட்டகைக்குப் போனார்கள். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு ஒற்றைக்கண்ணரைப் பார்த்துத்தான் பேசினார், இவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்தம்மாவுக்குக் கால் எட்டலேன்னு நான் மிஷின நிறுத்தணுமா?"

"சார், தரை இறங்கியிருக்கு சார். நான் கண்ணால பார்த்தேன்" என்றாள்.

அப்போதுதான் திரும்பினார். "உங்க வேலை குச்சி பிடிக்கிறது. யோசிக்கிறதுக்கு இங்க வேற ஆளுங்க இருக்காங்க. போய்ப் பிடிங்க."

அவள் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அன்று மத்தியானம் தையல்காரம்மா வீட்டுக்கும் போகவில்லை. போனால் அந்தக் கேள்வி வரும். பொய்யும் சொல்ல முடியாது, அளக்காத உண்மையையும் சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு வீடு போகிற வரைக்கும் அடக்கிக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் கோலை எடுத்துக்கொண்டு நேரே பதினாலாம் நம்பருக்குப் போனாள். ஆணி மேல் நிறுத்தினாள். ரசமட்டத்துக் குமிழை நடுவட்டத்துக்குக் கொண்டுவந்தாள். நின்றாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலை அளவு கையெழுத்தாகிக் கீழே சுரங்கத்துக்குப் போனால்தான் பெருச்சாளி நகரும். அளவு வராமல் அதை ஓர் அடி தள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை. அதெல்லாம் அவளுக்குத் தெரியும். அதனால்தான் நின்றாள்.

அரை மணி நேரத்தில் மேனேஜர் ஓடி வந்தார். "என்னம்மா இது? தாய் ஆணிக்குப் போங்க."

"இதப் படிச்சா போறேன்."

"அது லிஸ்ட்லயே இல்ல."

"லிஸ்ட்ல இல்லாட்டி என்ன சார், தூண்ல இருக்குல்ல."

பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, கொட்டகையில் கிடந்த இன்னொரு கோலைக் கொடுத்துத் தாய் ஆணியில் நிற்கச் சொன்னார். வாட்ச்மேன் நல்ல மனுஷர்தான், ஆனால் கோலைப் பிடித்ததும் காற்றில் ஆடுகிற கொடிக்கம்பம் மாதிரி ஆடினார். ஒரு கை வேறு அடிக்கடி மீசைக்குப் போயிற்று.

"அண்ணே, மீசைய அப்புறம் பார்த்துக்கலாம், குமிழப் பாருங்க" என்று இவள் தூணிலிருந்தே குரல் கொடுத்தாள். வாட்ச்மேன் குமிழைத் தேடினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"படிங்க" என்றார் மேனேஜர் ஒற்றைக்கண்ணரிடம்.

ஒற்றைக்கண்ணர் கருவியில் கண் வைத்தார். வாட்ச்மேன் பக்கம் திரும்பியிருந்த அதன் தொலைநோக்கியை மெதுவாகத் திருப்பினார். திருப்பி, பதினாலாம் நம்பரில் கொண்டுவந்து நிறுத்தினார். நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு நிமிர்ந்து, தலையில் கை வைத்தார்.

குச்சியக்கா கோலைத் தூக்கிக்கொண்டு நேரே தாய் ஆணிக்குப் போனாள். வாட்ச்மேன் விட்டால் போதும் என்று விலகினார். அங்கே நிறுத்தினாள். மறுபடியும் தலையில் கை.

"இருபத்து மூணு மில்லி" என்றார் ஒற்றைக்கண்ணர். அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "தாய் ஆணி இறங்கிடுச்சு சார்."

"பழுது ஆணிய வச்சுக் கணக்குப் போட்டா அப்படித்தான் வரும்" என்றார் மேனேஜர்.

"சரி சார், பதினாலு பொய் சொல்லுதுன்னே வச்சுக்குங்க" என்றாள் இவள். "ஆத்துப் பாலத்துக் கல்லு பொய் சொல்லாதுல்ல. அங்கேர்ந்து அளந்துட்டு வரோம்."

"அதுவரைக்கும் மிஷின் நிக்கணுமா? யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றார் ஒற்றைக்கண்ணர். "ரெண்டு மாசமா அந்த அளவ எடுக்கல. எடுத்ததா எழுதினது நான். எடுக்கலேன்னு இப்ப எழுதித் தரேன். பேப்பர் குடுங்க."

மேனேஜர் பேப்பர் கொடுக்கவில்லை. அந்தக் காகிதம் எழுதப்பட்டால் எழுதச் சொன்னவர் யார் என்ற கேள்வியும் கூடவே வரும். "போய் அளங்க" என்றார்.

ஒன்றரை கிலோமீட்டர். இருபத்தெட்டு இடத்தில் முக்காலியை வைத்து எடுத்தார்கள். தகரம் அடித்த இடங்களில் கடைக்காரர்களைக் கெஞ்சி, ஒரு பாத்திரக்கடைக்குள் புகுந்து பின்வாசல் வழியாக வந்து, ஒரு பள்ளிக்கூட மைதானத்தைக் கடந்து அளந்தார்கள். ஓரிடத்தில் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தொலைத்தான். கோலை வைத்த இடத்திலிருந்து எடுக்க முடியாது என்று அவள் கண்ணாலேயே சொன்னாள், அவனும் ஒரு முறை பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்திவிட்டான். காலை ஒன்பதுக்கு ஆற்றுப் பாலத்தில் ஆரம்பித்தவர்கள் நூலகப் படிக்கு வந்து சேரும்போது மணி மூன்று. பச்சைத் தண்ணீர்தான் குடித்திருந்தார்கள்.

தாய் ஆணி இருபத்து நாலு மில்லி இறங்கியிருந்தது. கட்டடத்து ஆணிகளையும் புதிதாகக் கணக்குப் பார்த்தார் ஒற்றைக்கண்ணர். முன்பக்கம் இருபத்து நாலு. தகரம் மறித்ததால் இரண்டு மாதமாக அளக்காமல் விட்டிருந்த பின்பக்கத்து ஆணி முப்பத்தாறு.

மேனேஜர் நோட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். போனை எடுத்துப் பெருச்சாளியை நிறுத்தச் சொன்னார், மோட்டாரை நிறுத்தச் சொன்னார். அதுவரைக்கும் சரி. அப்புறம் இவர்கள் பக்கம் திரும்பினார்.

"இது வெளிய போகக் கூடாது. மண்ணுக்குள்ள சிமெண்ட் கரைசல் ஏத்துவோம், மூணு நாள்ல எல்லாம் சரியாயிடும். ஜனங்களக் கிளப்பிவிட்டா ஊரே கூடிரும். மூச்சு விடக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார்" என்றாள். புரிந்துதான் இருந்தது. நல்லாவே புரிந்தது. பூசி மெழுகப் பார்க்கிறார்கள். சிமெண்ட் ஏற்றுகிற மூன்று நாளும் அந்தப் பதினொரு குடும்பம் உள்ளேயே இருக்கப்போகிறது.

கோலைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு நேரே தையல்காரம்மா வீட்டுக்குப் போனாள். காலையிலிருந்து அடக்கியதற்கு முதலில் வழி செய்தாள். பின்னறையைத் தாண்டும்போது, "என்னண்ணே" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. அவர் நல்ல கையைத் தூக்கினார். அவருடைய கட்டில் ஒட்டியிருந்த சுவர்தான் பின்பக்கச் சுவர்.

முன்னறைக்கு வந்தாள். தையல்காரம்மா ஒரு சட்டைக் கையை மிஷினில் ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"நேத்து ஆளக் காணோமே. நம்ம கட்டடம் எப்படி இருக்கு?"

"முப்பத்தாறு மில்லி இறங்கியிருக்குக்கா. முன்னால குறைவா, பின்னால அதிகமா. நான் இத்தன நாள் சொன்னது தப்பு. அண்ணனத் தூக்குங்க. மாடியில இருக்கிறவங்களையும் கூப்பிடுங்க. இப்பவே."

மிஷின் நின்றது. தையல்காரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். வாசலுக்குப் போய் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். குச்சியக்காவும் மாடி வீட்டு ஆளும் கட்டிலிலிருந்து அவரைத் தூக்கினார்கள். ஒரு மணி நேரத்தில் பதினொரு குடும்பமும் பாயும் பெட்டியும் பிள்ளைகளுமாக நடைமேம்பாலத்துக்கு அடியில் நின்றார்கள். ஊர் கூடத்தான் செய்தது. மேனேஜர் பயந்த மாதிரியே பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள். இருக்க இடம் கொடுக்காமல் யாரும் நகர மாட்டோம் என்று ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இருட்டுவதற்குள் ஒரு கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, சிமெண்ட் ஏற்றுகிற வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, தரைத்தளத்துப் பின்பக்கச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. மேல் மாடிகள் நின்றுவிட்டன. தூசி அடங்கிய பிறகு வாட்ச்மேன்தான் முதலில் எட்டிப் பார்த்தார். கட்டில் செங்கலுக்கு அடியில் கிடந்தது. ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது, மரக்கால். செய்தி கேட்டுத் தையல்காரம்மா ஓடி வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். குச்சியக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இவளும் அழுதாள். அழ வேண்டிய விஷயம்தானே.

திங்கட்கிழமை கொட்டகையில் இரண்டு பேர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரிய ஆபீஸிலிருந்து வந்தவர்கள். ஒற்றைக்கண்ணரை முதலில் விசாரித்தார்கள். அவர் எழுதித் தருவதாகச் சொன்னதை எழுதிக் கொடுத்தார், எழுதச் சொன்னவர் பெயரையும் சேர்த்து. மேனேஜரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒற்றைக்கண்ணருக்கு எச்சரிக்கை. அளவு பார்க்க வேறு ஆள் கிடைக்காததால் வேலையில் வைத்துக்கொண்டார்கள்.

இவளிடம் தன்மையாகத்தான் பேசினார்கள். "நீங்க செஞ்சது நல்ல காரியம்மா. நாங்களும் ஒத்துக்கிறோம். ஆனா அளவ வெளிய சொன்னது விதிமீறல். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டா வேலைக்கு வரலாம். ரெண்டு வரி போதும்."

"எதுக்கு மன்னிப்பு?"

"சொன்னதுக்குத்தான்."

"ஆறு வாரம் மயிரிழை அசையலேன்னு தப்பா சொன்னேன். அதுக்கு அந்தக் குடும்பத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. சரியாச் சொன்னதுக்கு யார்கிட்டயும் கேக்க மாட்டேன்."

"இப்படி ஒத்தக் கால்ல நின்னா எப்படிம்மா?"

"எனக்கு ரெண்டு கால்லயும் நல்லா நிக்க வரும் சார்" என்றாள். கழுத்தில் தொங்கிய நுழைவு அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். புருஷன் விஷயத்தைக் கேட்டு அன்றைக்குச் சிரிக்கவில்லை. "சரி, பார்த்துக்கலாம்" என்றார். மகள் பேனாவை எடுத்துக்கொண்டு போய்க் கதவு நிலையில் எழுதியிருந்த 'இவ்வளவுதான்' என்பதை அடிக்கப் பார்க்க, இவள் பிடுங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வழக்கம்போல டப்பாவோடு கிளம்பினாள். உள்ளே போக முடியாது. ஆனால் நடைபாதை யார் வீட்டுச் சொத்தும் இல்லை. தூணுக்கு அடியில் கான்கிரீட் கட்டின் மேல் போய் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே பதினாலாம் நம்பர் ஆணி. துடைத்து, புதிதாகச் சிவப்புப் பெயிண்டில் நம்பர் எழுதி, லிஸ்டில் முதல் வரியில் சேர்த்திருந்தார்கள். குதிகால் இன்னும் எட்டவில்லை. எட்டாது.

எதிரே வாட்ச்மேன் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீசையை எடுத்துவிட்டிருந்தார், பாவம். இருந்தும் கோல் சாய்ந்திருந்தது. ஒற்றைக்கண்ணர் கருவியில் கண்ணை வைத்தார். எடுத்தார். கையை நீட்டவில்லை. வாட்ச்மேனைத் தாண்டி, தூணடியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

குச்சியக்கா டப்பாவை மடியில் வைத்துவிட்டு இடக்கையை நீட்டினாள். வாட்ச்மேன் அவளைப் பார்த்துக் கோலை இடப்பக்கம் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் என்று விரலை அசைத்தாள். சாய்த்தார். போதும் என்று உள்ளங்கையைக் காட்டினாள். குமிழ் நடுவட்டத்துக்கு வந்தது. கொட்டகை வாசலில் புது மேனேஜர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்காமல் உள்ளே போனார்.

கடிதம் இன்றுவரை போகவில்லை. நுழைவு அட்டையும் வரவில்லை. டப்பாவோடு அவள் தூணடிக்கு வருவதும் நிற்கவில்லை. காலை அளவு மட்டும் ஒரு நாள் தவறாமல் கீழே போகிறது. ஒவ்வோர் ஆணிக்கும் ஒற்றைக்கண்ணர் அவள் பக்கம் திரும்பித்தான் தலையில் கை வைக்கிறார்.